நூல் மாதிரி தண்ணி

— இப்ப?

— இப்பவும் அதேதான். சில்லுன்னு ஊத்துது. தலையில ஷாம்பு வேற போட்டுட்டேங்க.

— குமிழ எந்தப் பக்கம் திருப்பி வச்சிருக்க?

— செவப்புப் பக்கம். கடைசி வரைக்கும் திருப்பிட்டேன். இதுக்கு மேல திருப்புனா கையோட வந்துரும்.

— ஹீட்டர் பொட்டியில சின்னதா ஒரு வெளக்கு இருக்கும் பாரு. அது எரியுதா?

— எரியுது, அமந்து போவுது, மறுபடியும் எரியுது. மாரியம்மன் கோயில் திருவிழா லைட்டு மாதிரி.

— இங்க வெளில இருக்கற சுவிட்சுல வெளக்கு நின்னு எரியுதே. அப்ப கரண்டுல கோளாறு இல்ல. ராஜம்மா, பைப்ப இன்னுங் கொஞ்சம் தொறந்து பாரு.

— தொறந்தாச்சு. ஸ்ஸ்... ஐயோ.

— என்னா, என்னா ஆச்சு?

— சுட்டுருச்சு. இடது தோளுல கொதி தண்ணி. ஏங்க, ஹீட்டர்தான வாங்குனீங்க, இல்ல ஒங்க எண்ண மில்லு பாய்லரையே கழட்டிக்கிட்டு வந்துட்டீங்களா?

— நவுந்து நில்லு புள்ள. செவுத்தோரமா நவுந்துக்க. நான் சுவிட்ச அமத்திட்டேன்.

— அமத்துனதும் மறுபடி பச்சத் தண்ணி. கொதிக்குது, இல்லாட்டி குளுருது. நடுவுல ஒண்ணு இந்தப் பொட்டிக்குத் தெரியாதா?

— தண்ணி எப்படி வுழுது, அதச் சொல்லு. தடியா வுழுதா, ஒல்லியா வுழுதா?

— நூல் மாதிரி. ஸ்கூல் கேன்டீன்ல நான் டீ ஆத்துனாக்கூட இத விடத் தடியா வுழும்.

— அதான் கத. இப்பப் புரியுது எனக்கு. உள்ள இருக்கற கம்பி எப்பவும் ஒரே சூட்டத்தான் குடுக்கும். தண்ணி நெறைய ஓடுனா அந்தச் சூடு பரவிக்கிட்டு வெதுவெதுன்னு வரும். தண்ணி கொறஞ்சா அவ்வளவு சூடும் அந்தக் கொஞ்சத் தண்ணி மேலயே ஏறி உக்காந்துக்கும், கொதிக்கும். இன்னுங் கொறஞ்சுதுன்னு வையி, பொட்டிக்கே பயம் வந்துரும். தானா அமத்திக்கும். அப்ப ஒனக்குச் சில்லுன்னு வருது. மில்லுல எங்க பாய்லருக்கும் இதே கததான்.

— தலையில நொரையோட நிக்கிறவகிட்ட பாடம் எடுக்குறீங்க.

— கோளாறு என்னான்னு தெரிஞ்சாத்தான புள்ள சரி பண்ண முடியும்.

— கண்ணு எரியுது. மழ வேற விடியக்காலத்துலேர்ந்து வுடாம பெய்யுது, தண்ணி ஐஸ் மாதிரி இருக்கு. எட்டு மணிக்கெல்லாம் எங்கண்ணன் காடிய எடுத்துக்கிட்டு வாசல்ல வந்து ஆரன் அடிப்பாரு.

— அடிக்கட்டும். புது சாகா காடி வாங்குனதுலேர்ந்து ஒங்க சின்னையா அண்ணன் ஆரன் அடிக்கிறதுக்குன்னே எங்கயாவது கெளம்புறாரு. கோலசிலாங்கூருக்கு என்னா, முக்கா மணி நேரம். ஒன் தங்கச்சி மக கங்கா கழுத்துல தாலி ஏறுறதுக்குள்ள போய்ச் சேந்துரலாம்.

— நான் வல்லைங்க.

— என்னா?

— கல்யாணத்துக்கு. நீங்களும் அண்ணனும் போய்ட்டு வாங்க. தங்கச்சி கேட்டா ஒடம்பு முடியலன்னு சொல்லுங்க. பொய்யா சொல்லப் போறீங்க.

— நேத்து ராத்திரி பொடவைய எடுத்து வச்ச. மல்லியப்பூ வாங்கிட்டு வரச் சொன்ன. ஈஜோக்குல கெடைக்காம நான் பத்தாங் பெர்ஜுந்தை வரைக்கும் போய் வாங்கியாந்தேன்.

— பூவ சாமிக்கு வைங்க.

— மொதல்ல தண்ணிய சரி பண்ணுவோம். கல்யாணத்த அப்பறம் பேசுவோம். அடுப்புல ஒரு கெட்டில் தண்ணி போட்டு வாசப்படியில வைக்கட்டா?

— கேஸ் நேத்து சாயங்காலமே தீந்துருச்சு. சொன்னேனா இல்லியா? சரி சரின்னு தலைய ஆட்டுனீங்க.

— ஆமாலா, மறந்துட்டேன். பக்கத்து வூட்டு காளியம்மாக்காவ கூப்புடுறேன். அவுங்க உள்ள வந்து ஒனக்கு ஒத்தாச பண்ணட்டும்.

— வேணாம்.

— பொம்பளதான புள்ள.

— பொம்பளதான், இல்லங்கல. நாளைக்கு இந்தத் தாமான் முழுக்க, ரெண்டு வரிசை வூடுங்களும், ராஜம்மாவுக்கு எப்படி இருக்குன்னு பேசும். வேணாம்னா வேணாம்.

— அப்ப நான் வரேன். ஒரு நிமிஷ வேல. பொட்டிக்கு அடியில தண்ணி ஏறுற எடத்துல ஒரு சின்ன வல இருக்கும். அத கழட்டி அலசணும்.

— நீங்களும் வேணாம்.

— கண்ண மூடிக்கிட்டு வரேன்.

— கண்ண மூடிக்கிட்டு ஸ்க்ரூவ எப்படிக் கழட்டுவீங்க? வலைன்னு நெனச்சுக்கிட்டு என் மூக்கத் திருகிருவீங்க.

— சிரிச்சிட்டல்ல. அப்ப கதவத் தொற.

— சிரிச்சா? பல்லு கிட்டிக்கிட்டு நடுங்குறேன். அது ஒங்களுக்கு சிரிப்பு மாதிரி கேக்குது.

— துண்டு இருக்கா அங்க? தோளுல போத்திக்க. சரி, நீ தொறக்க வேணாம். நான் இங்கேருந்து கேக்கறேன், நீ அங்கேருந்து பாத்துச் சொல்லு. மில்லுலயும் அப்படித்தான். நான் மேல நின்னு கத்துவேன், தனபாலன் கீழ நின்னு வால்வத் திருப்புவான்.

— ஒங்களுக்கு நான் தனபாலன்.

— அவன விட நீ அறிவாளி. மொதல்ல மேல பாரு. தண்ணி கொட்டுற மூஞ்சி, சல்லட மாதிரி இருக்கு பாரு, அதுல ஓட்டையெல்லாம் சுத்தமா இருக்கா?

— பாதி ஓட்டையில தண்ணி வல்ல.

— அதத் திருகுனா கையில வந்துரும். கழட்டி, ஒரு ஊசி எடுத்துக் குத்தி வுட்டுரு.

— ...

— கழட்டிட்டியா?

— எனக்கு எட்டாதுங்க.

— எட்டும் புள்ள. ஒன் ஒயரத்துக்குப் பாத்துத்தான மாட்டுனேன்.

— ஒயரம் எட்டும். கை தூக்க முடியலியே.

— அடச்சீ. மறந்துட்டேன் பாரு. வலது கை.

— ஆப்பரேஷனுக்கு அப்பறம் தோளுக்கு மேல போவ மாட்டேங்குதுன்னு டாக்டருகிட்ட நீங்கதான சொன்னீங்க. மார எடுத்ததோட கை நரம்பையும் இழுத்து வச்சுத் தச்சுட்டாங்க போல. சீப்பு புடிக்க முடியல. தோங்குத் தொட்டியில தண்ணி மொண்டு தலையில ஊத்த முடியல. அதுக்குத்தான இந்த ஹீட்டரே.

— தெரியும், தெரியும். வாய் போன போக்குல சொல்லிட்டேன். நம்ம பொண்ணு சந்திரிகா இருந்த வரைக்கும் அவ ஊத்தி வுட்டா.

— எத்தன நாளைக்கு அவ இருப்பா? புதுசா கட்டிக்கிட்டுப் போன பொண்ணு. ரவாங்ல அவ புருஷன் பேக்டரி கேன்டீன்ல சாப்புட்டுக்கிட்டு இருந்தான். நான்தான் ஞாயித்துக் கெழம தொரத்தி வுட்டேன்.

— இரு, நான் குசினியில போய்ப் பாத்துட்டு வரேன். மேல டாங்கியிலேருந்தே தண்ணி கம்மியா வருதான்னு.

— சீக்கிரம் வாங்க. குளுருது.

— ...

— ஏங்க?

— வந்துட்டேன். குசினியில தண்ணி பிச்சிக்கிட்டு வருது. டாங்கி ரொம்பி வழியுது. அப்ப அடைப்பு அங்க உள்ளதான். ராஜம்மா, நல்லாப் பாத்துச் சொல்லு. பொட்டிக்குக் கீழ, செவுத்துல, பித்தளையில ஒரு சின்ன வால்வு. அதுக்கு ஒரு காது மாதிரி கைப்புடி இருக்கும்.

— இருக்கு.

— அது பைப்போட நேரா இருக்கா, குறுக்க இருக்கா?

— குறுக்க இருக்கு.

— குறுக்கவா? முழுசுமா?

— முழுசா இல்ல. முக்காவாசி.

— அது எப்படி? மாட்டுன அன்னிக்கு நான் நேரா வச்சு, தொறந்து காட்டுனேன். மழ மாதிரி கொட்டுச்சு. அது தானா திரும்பாதே. ஸ்க்ரூ டிரைவர் வச்சாத்தான் திரும்பும்னு ஹீட்டர் வித்த கடை மொதலாளி, அந்தத் தவுக்கே, சொன்னான்.

— கத்தி மொன வச்சாலும் திரும்புது.

— யாரு திருப்புனா?

— இந்த வூட்டுல யாரு இருக்கா, நீங்களும் நானும். நீங்க திருப்பல.

— எதுக்கு புள்ள? நேத்து சூடு பத்தலன்னு நீ வாய வுட்டதும் நான் அந்தத் தவுக்கே கடையில போய் சத்தம் போட்டுட்டு வந்தேன். ஓட்ட ஹீட்டர என் தலையில கட்டிட்டன்னு. பாவம், அவன் வேற பொட்டி தரேன், கொண்டாங்கறான். எதுக்கு மூடுன?

— அடிக்குதுங்க.

— எது அடிக்குது?

— தண்ணி. முழுசாத் தொறந்தா சல்லடையிலேருந்து ஊசி ஊசியா வருது. தச்ச எடத்துல படுறப்ப உசுரு போவுது. திரும்பி நின்னு குளிக்கலாம்னு பாத்தேன். முதுகுல பட்டுத் தெறிச்சாலும் அங்கதான் வருது. அதான் இடது கையால கத்திய வச்சுத் திருப்பிக் கொறச்சுக்கிட்டேன். கோவமா?

— ஞாயித்துக் கெழமயிலேருந்தா?

— ஆமா.

— அப்ப இந்த வாரம் பூரா பச்சத் தண்ணியிலயா குளிச்ச? நேத்து வரைக்கும் தெனம் நான் வேல முடிஞ்சு வந்து கேட்டேன். ஹீட்டர் எப்படி இருக்குன்னு. ஜோரா இருக்கு, ராணி மாதிரி குளிச்சேன்னு சொன்ன.

— வேற என்னா சொல்லச் சொல்றீங்க? அந்தப் பொட்டிய மோட்டர்சைக்கிள் பின்னால கட்டிக்கிட்டு, மழையில நனஞ்சுக்கிட்டு வந்தீங்க. அது நனையக் கூடாதுன்னு ஒங்க ரெயின்கோட்ட அதுக்குப் போத்தி வுட்டிருந்தீங்க. வந்ததும் வராததுமா செவுத்தத் தொளச்சீங்க. தாமான்லயே நம்ம வூட்டுலதான் மொத ஹீட்டர்னு காளியம்மாகிட்ட போய்ச் சொல்லிட்டு வந்தீங்க. அந்த மொகத்தப் பாத்து, இது எனக்கு ஆவலன்னு எப்படிச் சொல்றது?

— சொல்லியிருக்கணும் புள்ள.

— சொல்லத்தான் இருந்தேன். தவுக்கே கடையில சண்ட போட்டீங்கன்னு கேட்டதும் பயந்துட்டேன்.

— ரைட். நடந்தது நடந்துச்சு. இப்ப ஒண்ணு பண்ணு. அந்தக் காத பாதிக்குத் திருப்பு. கத்தி அங்கதான இருக்கு?

— சோப்பு டப்பாவுல.

— பாதிக்குத் திருப்பிட்டு, தழும்புல படாம ஒருக்களிச்சு நில்லு. தலைய மட்டும் அலசிக்க. நான் சுவிட்ச போடறேன்.

— ம். திருப்பிட்டேன். போடுங்க.

— போட்டுட்டேன். எப்படி இருக்கு?

— தண்ணி கொஞ்சம் தடியா வருது.

— சூடு?

— அப்படி ஒண்ணும் தெரியல. இதமாத்தான் இருக்கு.

— எந்தப் பக்கம் வுழுது?

— வலது பக்கமா நிக்கிறேன். அக்குளு வழியா, வெலாவுல ஓடுது. தழும்புல படல. பரவால்ல, இப்ப நல்லா இருக்குங்க. இப்படியே அலசிட்டு வந்துடறேன்.

— ராஜம்மா.

— என்னா?

— கதவுக்கு அடியில ஆவி வருது.

— சுடுதண்ணின்னா ஆவி வரத்தான செய்யும்.

— வெதுவெதுன்னு இருக்கற தண்ணிக்கு இப்படி ஆவி வராது. இருவது வருஷமா நான் பாக்காத ஆவியா? ஒன் இடது கைய அதுல நீட்டிப் பாரு. வெரல மட்டும்.

— அம்மா.

— தள்ளிப் போ. அமத்திட்டேன். தள்ளிப் போயிட்டியா?

— போயிட்டேன். கொதிக்குதுங்க. வெரலு வெந்து போச்சு.

— வெலாவப் பாரு. தண்ணி வுழுந்த எடத்த.

— செவந்து போயி கெடக்கு. செம்பருத்தி மாதிரி.

— கொப்புளம் இருக்கா?

— இல்ல. செவந்துதான் இருக்கு. ஆனா எனக்கு ஒண்ணுமே தெரியலீங்களே. வலிக்கவே இல்ல.

— அந்தப் பக்கம் தொட்டா தெரியுதா? இப்பத் தொட்டுப் பாரு.

— தெரியல. மரத்துப் போயிருக்கு. தழும்பு மட்டும் முள்ளு மாதிரி குத்தும், அதச் சுத்தி அக்குளு வரைக்கும் யாரோ வேறாளு தோலு மாதிரி இருக்கும். ஆஸ்பத்திரியிலேருந்து வந்ததுலேருந்தே அப்படித்தான்.

— இதையும் சொல்லல.

— இதப் போயி என்னான்னு சொல்றது?

— மொதல்ல பச்சத் தண்ணிய அதுல வுடு. சுட்ட எடத்துல ஓட்டு. இன்னும், இன்னுங் கொஞ்ச நேரம். குளுந்தாலும் பரவால்ல.

— வுடறேன். பல்லு கிடுகிடுங்குது.

— இப்ப நான் சொல்றதக் கேளு. பாய்லர்ல தண்ணி கொறயறது ஒரு ஆபத்து. சூடு காட்டுற முள்ளு கெட்டுப் போறது அத விடப் பெரிய ஆபத்து. என்னா சூடுன்னே தெரியாம நின்னுக்கிட்டு இருப்போம். ஒன் வலது பக்கத்துக்கு இப்ப அந்த முள்ளு இல்ல. நீ தனியா இதுல குளிச்சா ஒரு நாளைக்கு வெந்து போயி வெளில வருவ, வெந்ததே ஒனக்குத் தெரியாது. நான் உள்ள வரணும். என் கைதான் சூடு பாக்கணும்.

— வேணாங்க.

— எத்தன நாளைக்குப் புள்ள?

— நீங்க தாங்க மாட்டீங்க.

— என்னாத்த?

— பாத்தா நீங்க தாங்க மாட்டீங்க. எனக்குத் தெரியும் ஒங்கள.

— பெரிய பாய்லர் தண்ணி இல்லாம ஊதிக்கிட்டு நின்னப்ப, எல்லாரும் ரோட்டுக்கு ஓடிட்டானுங்க. நான்தான் கிட்டப் போய் நெருப்ப இழுத்தேன். மில்லுல கேட்டுப் பாரு, பாய்லர் நல்லசாமி எதத் தாங்குவான், எதத் தாங்க மாட்டான்னு.

— அது இரும்பு.

— ஆமா, இரும்பு. இரும்புக்குப் பக்கத்துல போனவன் பொண்டாட்டி பக்கத்துல வர முடியாதா? கதவத் தொற ராஜம்மா. ஒனக்கு ஜொரம் வந்துரும். இங்கயே நிக்கிறேன். ஒங்கண்ணன் வந்து ஆரன் அடிச்சாலும் நவுர மாட்டேன். மாப்புள பாத்ரூம் கதவக் கட்டிப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாருன்னு கல்யாண வூட்டுல போய்ச் சொல்லட்டும்.

— சரோங் நெஞ்சுல நிக்க மாட்டேங்குதுங்க. முன்னெல்லாம் ஒரு சுத்து சுத்திச் சொருகுனா நிக்கும். இப்ப ஒரு பக்கம் புடிப்பு இல்லாம வழுக்கிக்கிட்டே வருது. இடுப்புல கட்டியிருக்கேன். மேல துண்டு மட்டுந்தான்.

— போதும். அது போதும்.

— வந்ததும் சட்டுன்னு பாக்காதீங்க.

— நான் பொட்டியப் பாக்கத்தான் வரேன்.

— தாப்பாள எடுத்துட்டேன்.

— ...

— கதவச் சாத்துங்க, காத்து வருது.

— சாத்திட்டேன். இரு, பொட்டிய மொதல்ல பாக்குறேன். சுவிட்சு வெளில அமந்துதான் இருக்கு, பயப்புடாத. இந்தா, இதான் நான் சொன்ன வல. பாத்தியா? புதுப் பைப்பு துரு, மணலு, எல்லாம் இதுல வந்து நிக்குது. நீ வால்வ மூடுனது பாதி, இது மீதி.

— அப்ப எல்லாப் பழியும் என் மேல இல்ல.

— பழிய யாரு போட்டா? அலசியாச்சு. மாட்டியாச்சு. வால்வு இப்ப முழுசும் தொறந்தாச்சு. சல்லடைய கொக்கியிலேருந்து எடுத்துக் கையில புடிச்சுக்கறேன். குமிழு நடுவுல. நான் வெளில போயி சுவிட்ச போட்டுட்டு வரேன், ஒரே எட்டு.

— சீக்கிரம்.

— வந்துட்டேன். இப்பக் கேளு. தண்ணிய நேரா ஒன் மேல அடிக்க மாட்டேன். மொதல்ல என் உள்ளங்கையில வுழட்டும். சூடும் பாத்துக்கலாம், வேகமும் கொறஞ்சுரும். என் கையிலேருந்து வழியறதுதான் ஒன் மேல வுழும். வலிச்சா சொல்லு.

— ம்.

— வலிக்குதா?

— இல்ல.

— சூடு சரியா இருக்கா? இடது கையில பாரு.

— சரியா இருக்கு. இதாங்க வெதுவெதுப்பு. இந்த ஒரு வாரத்துல இன்னிக்குத்தான் பாக்குறேன்.

— தலையக் குனி. நொரைய எடுத்து வுடறேன். கண்ண மூடிக்க.

— காதுக்குப் பின்னால. ம், அங்க. நகம் படுதுங்க.

— மில்லுக்காரன் கை, அப்படித்தான் இருக்கும். சந்திரிகா கைய எதிர்பாக்காத.

— அவ தேச்ச மாதிரி இல்ல. பரவால்ல.

— அந்தப் பொடவைக்கு ரவிக்க என்னா பண்ணப் போற?

— தச்சு வச்சிருக்கேன். ஒரு பக்கம் பஞ்சு வச்சு. நீங்க நைட் ஷிப்ட் போன அன்னிக்கு மெஷின்ல ஓட்டுனேன்.

— அப்ப கல்யாணத்துக்குப் போறதாத்தான் இருந்த.

— இருந்தேன். தண்ணி சுட்டதும் வெறுத்துப் போச்சு. இப்ப மறுபடி போலாம்னு தோணுது. ஏங்க.

— ம்?

— உள்ள வந்ததுலேருந்து பொட்டி, வல, வால்வு, இதத்தான் பேசுறீங்க. துண்டு எப்பவோ நழுவிருச்சு. பாத்தீங்களா, இல்லியா?

— பாத்தேன்.

— பாத்துட்டா இப்படி நிக்கிறீங்க?

— வேற எப்படி நிக்கணும்?

— மொகத்துல ஒண்ணும் மாறலியே.

— புதுசா இருந்தாத்தான மாறும்.

— புதுசா இருந்தான்னா?

— இது நான் முன்னயே பாத்ததுதான் புள்ள. ஆஸ்பத்திரியில. மொத மொத கட்டுப் பிரிச்ச அன்னிக்கு. வூட்டுல யாராவது கட்டு மாத்தத் தெரிஞ்சுக்கணும், வாங்கன்னு நர்சு என்னத்தான் உள்ள கூப்புட்டாங்க. நீ ஊசி போட்டு நல்லாத் தூங்கிக்கிட்டு இருந்த. பக்கத்துல நின்னு எல்லாத்தையும் பாத்தேன். அப்பறம் சந்திரிகா, நான் பாத்துக்கறேம்ப்பான்னு வந்துட்டா.

— இத ஏன் எங்கிட்ட சொல்லல?

— வூட்டுக்கு வந்ததும் நீ கதவச் சாத்திக்கிட்ட. துணி மாத்துறப்ப வெளக்க அமத்துன. சரி, அவளுக்கு வெக்கமா இருக்கு, நான் பாத்துட்டேன்னு தெரிஞ்சா இன்னும் ஒடஞ்சு போயிருவான்னு நெனச்சேன். எப்பத் தொறக்கணும்னு தோணுதோ அப்ப அவளே தொறக்கட்டும், நம்ம அவசரப்படக் கூடாதுன்னு வெளிலயே நின்னுக்கிட்டேன். கைய அசைக்காத, அங்க இன்னும் நொரை இருக்கு.

— எனக்கு என்னாங்க வெக்கம்? ரெண்டு புள்ள பெத்து, ஒண்ண பறி குடுத்து, ஒங்ககூட தோட்டத்து லயத்துல ஒத்த அறையில குடும்பம் நடத்துனவ.

— பின்ன எதுக்கு அந்தக் கதவு?

— அன்னிக்கு நான் தூங்கலீங்க. ஊசி தெளிஞ்சுருச்சு, அரைக் கண்ண மூடிக்கிட்டுக் கெடந்தேன். நர்சு போனதும் நீங்க என் துண்ட எடுத்து வாயில அடச்சுக்கிட்டு, செவுத்துல தலைய முட்டிக்கிட்டு அழுதது எனக்குக் கேட்டுச்சு. நம்ம பெரியவன அடக்கம் பண்ணிட்டு வந்த அன்னிக்குக்கூட எனக்காகப் பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்த மனுசன் நீங்க. அந்தச் சத்தத்த இன்னொருக்காக் கேக்க எனக்குத் தெம்பு இல்ல, அதான் சாத்துனேன்.